பத்தொன்பதாம் நாள்

இல்லம்மா, அந்தப் புத்தகத்தை ஒரு நிமிஷம் கீழ வைங்க. உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா தவக்காலம் நாப்பது நாள்தானேன்னு சொன்னீங்க பாருங்க, அது ரொம்பக் காலமா, ரொம்பப் பேரு, நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டே சொல்லிட்டு வர்ற தப்பு. சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டருக்கு மொத நாள் வரைக்கும் விரல் விட்டு எண்ணுங்க. நாப்பத்தாறு வரும். நடுவுல ஆறு ஞாயித்துக்கிழமை. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளு, அன்னைக்கு நோன்பு கிடையாது, கணக்குலயும் வராது. அதனால ஒரு தவக்காலத் தியானப் புத்தகத்துல எத்தனை தாள் இருக்கணும்ங்கிறது எடுத்தோம் கவுத்தோம்னு சொல்ற விஷயம் இல்லை.

ஆமா. ஆறைக் கழிச்சா நாப்பது.

ஆமாம்மா, நாப்பது தாள்தான் இருக்கணும்.

முப்பத்தொன்பதா. கழண்டு கிடக்கிற இருபத்திரண்டாம் நாளையும் சேத்தா? சரி. பழைய புத்தகம். எலி ஏதாவது...

எலி பிளேடு வெச்ச மாதிரி நேராக் கடிக்காதுதான்.

நான் இங்க உக்காந்துக்கட்டுமா? இந்த அட்டைக் கட்டு மேல உக்காந்தா நசுங்காதே? நீங்க கையில இருக்கிற பைண்டிங் வேலையைப் பாருங்க. ஊசி ஓடட்டும். நீங்க நிமிந்து பாக்காம இருந்தா எனக்கு இன்னும் வசதி.

நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்துல முப்பத்தோரு வருஷம் இருந்தவன். பக்கம் கிழிக்கிற பசங்களை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டவன். புத்தகத்தை மடிச்சு மடிச்சுத் தைக்கிறாங்கடா, ஒரு தாளைப் பிச்சா அதோட ஜோடித் தாளும் கேக்காம கழண்டு வந்துரும்டான்னு பாடம் எடுத்தவன். பத்தொன்பதைத் தொட்டா இருபத்திரண்டு விழும்னு எனக்குத் தெரியும்மா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மட்டும் தெரியலை.

நான்தான். சவரம் பண்ற பிளேடு.

புத்தகம் என்னோடது இல்லை, அக்காவோடது. எங்க அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகுது. அதுக்கு அடுத்த வருஷம் ஒரு கான்வென்ட் சிஸ்டர் அக்காவுக்குக் குடுத்தாங்க. அதுக்குள்ள அவ ரெண்டு கண்ணுலயும் புரை. பெரிய எழுத்துகூடத் தெரியாது. வீட்டுல நாங்க ரெண்டே பேரு, எனக்கோ நல்ல குரல்னு ஒரு பேரு. அதனால எட்டு வருஷமா நான்தான் வாசிச்சுக் காட்டினேன். நாளுக்கு ஒரு தாள். முன்பக்கம் வாசகம், பின்பக்கம் தியானம், அடியில கட்டம் கட்டி ஒறுத்தல்னு ஒண்ணு. அப்படின்னா அன்னைக்கு நாம எதை விடணும், எதைச் செய்யணும்னு ரெண்டு நாலு வரி. நம்மள்ல முக்காவாசிப் பேரு அந்தக் கட்டத்தை அலங்காரம்னு நினைச்சிட்டுத் தாண்டிருவோம். எங்க அக்கா தாண்ட மாட்டா. ஒரு தடவை, இன்று எதைக் குறித்தும் முறையிடாதேன்னு போட்டிருந்தான். அன்னைக்குப் பாத்து அடுப்படிக் கூரை ஒழுகுது. அக்கா கையால தடவிப் பாத்து, சொட்டுற இடத்துல எல்லாம் பாத்திரம் வெச்சிட்டு, மறுநாள் காலையிலதான் எங்கிட்ட சொன்னா. ஏன்க்கா நேத்தே சொல்லலைன்னா, நீதானேடா வாசிச்சேங்கிறா.

அப்படிப்பட்டவகிட்ட பத்தொன்பதாம் நாளை எப்படிம்மா வாசிப்பேன்?

அதுலயா? உன் வீட்டாரில் யாரோடு பேச்சு நின்றுவிட்டதோ அவரிடம் போ. அவர் சொல்வதை முழுவதும் கேள். பதில் பேசாதே. திரும்பி வந்தபின் அடுத்த தாளைப் புரட்டு. அவ்வளவுதான். நாலே வரி.

இருக்கான். எங்க தம்பி. பஸ்ல மூணு மணி நேரம். ஒன்பது வருஷமா அக்கா அவனோட பேசுறதில்லை.

அதனால நான் என்ன பண்ணேன்னா, அந்தத் தாள் வர்ற அன்னைக்குப் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு, பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டு, நானா ஒண்ணு சொல்லிட்டேன். பொறுமையைப் பத்தி. கிணத்துக்கிட்ட தண்ணிக்குக் காத்திருக்கிற ஒரு பொம்பளை, அவ குடம், அப்படி இப்படின்னு. அடியில ஒறுத்தல், இன்று தேநீரில் சர்க்கரை வேண்டாம். மொத வருஷம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். மூணாவது வருஷம் மெருகேறிருச்சு. பொய் சொல்லச் சொல்ல நடை கூடும்மா, அதை எந்தப் புத்தகத்துலயும் எழுத மாட்டேங்கிறாங்க. எட்டு வருஷமும் அக்கா அன்னைக்குச் சர்க்கரை இல்லாமக் குடிச்சா. இந்தப் புத்தகத்துலயே அந்தப் பொம்பளையும் குடமும் வர்ற பக்கம்தான்டா மனசுல நிக்குதுன்னு வேற சொல்லுவா.

இந்த வருஷம் கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு. கட்டுப் பிரிச்சதும் அவ கேட்ட மொத விஷயம், அந்தப் புத்தகத்தைக் கொண்டா, நானே வாசிக்கிறேன். வாசிச்சா. செவ்வாய்க்கிழமை காலையில பதினெட்டை முடிச்சிட்டு எங்கிட்ட சொல்றா, நாளைக்கு உன் குடத்துக்காரி வர்றாடா, என் கண்ணாலயே பாக்கப்போறேன்னு. உன் குடத்துக்காரின்னு சாதாரணமாத்தான் சொன்னா. மத்தியானம் அவ அசந்து தூங்கினப்ப எடுத்துட்டேன். தாள் காணோம்னா தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம், எனக்கு மனப்பாடம், நானே சொல்றேன்னு சொல்லிக்கலாம்னு. சாயங்காலம் அவ புத்தகத்தை எடுக்கிறா, இருபத்திரண்டு அவ மடியில விழுது. தையல் விட்டுப்போச்சுக்கா, பைண்டர்கிட்ட குடுத்து வாங்கிட்டு வந்துர்றேன்னு பிடுங்காத குறையா வாங்கிட்டு வந்தேன். அன்னைக்குலேர்ந்து பையில வெச்சுக்கிட்டுச் சுத்துறேன். எங்க தெரு பைண்டருக்கு என்னைத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

தம்பி மேல கோவமா? எனக்கா? நீங்க நேர்மாறாப் புரிஞ்சுக்கிட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் புரிஞ்சுப்பாங்க. தம்பி மேல கோவம் அக்காவுக்கு.

ஏன்னா அப்பா சாகக் கிடந்தப்ப அவன் வரலை. நாலு நாள் அப்பா அவன் பேரையே சொல்லிட்டிருந்தாரு. சின்னவன் எங்க, சின்னவன் வந்துட்டானா. பக்கத்துல உக்காந்து புரட்டிப் போட்டு, துடைச்சு, துணி மாத்தி, கஞ்சி ஊட்டினவன் நான். என் பேரு ஒரு தடவை வரலை. சின்னவனுக்குப் போன் போடுடான்னு அக்கா சொன்னா. வாசப்பக்கம் போனேன். திரும்பி வந்து, வர முடியாதுங்கிறான்க்கான்னு சொன்னேன். மறுநாளும் போனேன், அதையே சொன்னேன். அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள், யாரோ சொல்லி ஓடி வந்தான். அக்கா அவனை வாசல்லயே நிறுத்தி, கூப்பிட்டப்ப வராதவன் இப்ப எதுக்கு வந்தேன்னு கேட்டா. யாரு கூப்பிட்டான்னான். அவ அதைப் பொய்னு எடுத்துக்கிட்டா. அவன் என்னைப் பாத்தான். நான் அவன் செருப்பைப் பாத்துட்டு நின்னேன். இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

வாசப்பக்கம் போனேன்னு சொன்னேன்ல. போனைக் காதுல வெச்சுக்கிட்டு நின்னேன். நம்பரை அழுத்தலை. ரெண்டு நாளும்.

இல்ல, இருபத்திரண்டை மட்டும் தனியா ஒட்ட வேண்டாம். ஒட்டினா மறுபடி கழண்டுரும்னு நீங்களே சொல்றீங்க. ஜோடியாத்தான் தைக்கணும்னா ஜோடியாத் தைங்க. இந்தாங்க, பத்தொன்பது. சட்டைப் பையிலதான் வெச்சிருந்தேன், வேர்வையில ஓரம் கொஞ்சம் சுருங்கியிருக்கு. வெட்டின இடத்துல பட்டைக் காகிதம் வெச்சா தெரியும்தானே? தெரியட்டும்.

இன்னைக்கு முடியாதா? பசை காயணுமா. அப்ப திங்கக்கிழமை.

இல்லம்மா, அவசரம்னு இல்லை. புத்தகம் வர்ற வரைக்கும் அடுத்த நாளுக்குப் போக மாட்டேன்னு அக்கா பதினெட்டுலயே நிக்கிறா. பதினெட்டோட ஒறுத்தல், உச்சிவேளை வரைக்கும் தண்ணீர் அருந்தாதே. புதன்லேர்ந்து இன்னைக்கு நாலாவது நாளு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கணக்குல வராது. நாளைக்குக் காலையிலயே குடிப்பா.