தணல் தராத அடுப்பு

பெலற் கிறில் என்ற அடுப்பில் சுட்ட கோழி மோசமில்லை என்றுதான் நானும் சொல்வேன். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகளை ஒரு பக்கத்தில் கொட்டிவிட்டால் போதும், மின்சாரத்தில் அது தன்பாட்டில் எரிந்துகொண்டிருக்கும். சூட்டை போனிலேயே கூட்டலாம், குறைக்கலாம். குறை ஒன்றுதான். புகை பெரிதாக வராது. பக்கத்து வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யாருக்குச் சமைக்கிறார்கள் என்று வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு ஒன்றும் தெரியவராது.

கரி அப்படியல்ல. மூட்டியவுடன் தெருவுக்கே சொல்லிவிடும்.

தமிழில் எழுதினால் போதும், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்றீர்கள். அவர் இந்தியத் தமிழர் போலிருக்கிறது. தணல் என்று நான் எழுதுகிற இடமெல்லாம் நெருப்புக் கங்கு என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய விரலில் மோதிரத் தடம் இருக்கிறது, மோதிரம் இல்லை. அது எனக்கு வேண்டாத விசயம்.

என் பெயர் பாலாம்பிகை. மிச்சம் என்கிற இந்த ஊரில் ஒரே வீட்டில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் பிரவீணனும் கௌசியும் வந்தபோது இடையில் இருந்தது இடுப்பளவு வேலி. கௌசி உடுப்புக் காயப்போட வரும்போதெல்லாம் என்னுடன் கதைப்பாள். பிள்ளைக்காக வைத்தியம் செய்வதையும் அப்படித்தான் சொன்னாள். நான் அதைக் கோயிலில் இரண்டு பேரிடம்தான் சொன்னேன். வேண்டிக்கொள்ளட்டும் என்றுதான். அடுத்த வாரம் அவள் வாசலில் வந்து நின்றாள்.

"அன்ரி, உங்களிட்டைச் சொன்னது என்ரை பிழைதான்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த மாதமே பிரவீணன் ஆறடிப் பலகை வேலி அடித்தான். அதற்கு அப்பால் எட்டு மாதம் ஒரு வயிறு வளர்ந்தது எனக்குத் தெரியாது. மூலைக்கடையில் வேலை செய்கிற பெனிற்றாதான் சொன்னாள், நான் ஏற்கெனவே அறிந்திருப்பேன் என்ற நினைப்பில். ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினேன்.

பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிக்கிற துடக்குக் கழிவு முடிந்த பிறகு, ஒரு ஞாயிறு தோட்டத்தில் இறைச்சி சுட்டு ஆட்களுக்குச் சாப்பாடு கொடுக்க நினைத்தான் பிரவீணன். கார் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் இராசரத்தினத்துக்கு ஒரு பெலற் கிறிலின் படத்தைப் போனில் காட்டினான். நான் துடைப்பத்தோடு வெளியே வந்தேன். கூட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"புகையே வராது அன்ரி. பிள்ளை இருக்கிற வீடெல்லே."

"அப்ப அது கறண்ட் அடுப்புத்தானே தம்பி. அதை ஏன் முற்றத்திலை வைப்பான்? சரி, பிள்ளைக்கு முழுகவாத்துப்போட்டு சாம்பிராணிப் புகை காட்டத் தணல் எங்கையிருந்து எடுப்பியள்?"

அவன் போனில் இருந்த படத்தைத் திரும்பப் பார்த்தான்.

"அதை நான் யோசிக்கேல்லை."

"இவ எல்லாத்தையும் யோசிப்பா," என்றார் இராசரத்தினம். அதைப் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கரி அடுப்பு வந்தது. அதைப் பழகிப்பார்த்த முதல் ஞாயிறே, புகை காட்டத் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேலி வந்த பிறகு முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனேன். திரைச்சீலை மாற்றியிருந்தார்கள், சுமார்தான். பின்னறையில் பிள்ளையைத் தணலுக்கு மேலே பிடித்திருந்தபோது சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி கத்தத் தொடங்கியது.

"இது ஏன் அன்ரி கத்துது?"

"பற்றறி முடிஞ்சிருக்கும். தா பிள்ளை, நான் மாத்தித் தாறன்."

எங்கள் வீடுகளில் கறி தாளித்தாலே ஏதாவது ஒன்று கத்தும். துவாயால் விசிறுவோம், இல்லையென்றால் கழற்றி வைப்போம். கௌசியும் யோசிக்காமல் கழற்றித் தந்தாள். நான் எதையும் கடைசி எழுத்துவரை வாசிக்கிறவள். பெட்டியின் பின்னால் எழுதியிருந்ததை வீட்டில் வைத்து வாசித்தேன். தணலில் இருந்து வருகிற மணமில்லாத நச்சுவாயுவைக் காட்டித்தருகிற அலாரம் அது. பற்றறியை மாற்ற ஏலாது, இன்னும் ஆறு வருடம் வேலை செய்யும். திருப்பிக் கொடுக்க நினைத்திருந்தேன். அப்போது என் மனதில் வேறொன்றும் இல்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

விருந்தன்று இருபது பேர் வந்தார்கள். இரண்டு மணிக்கு மழை தூறியது, எல்லாரும் கூடாரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். நான் பின்னறையில் பிள்ளைக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தேன். கௌசி கட்டிலில் சரிந்திருந்தாள். நித்திரை இல்லாத முகம். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அன்ரி, வாற மாதம் நாங்கள் செவன் கிங்ஸுக்கு வீடு மாறுறம். அம்மா ஆக்களுக்குக் கிட்ட. உங்களுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அதுதான் கடைசியாச் சொல்லுறன். கோவிக்காதேங்கோ."

சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் உறங்கிவிட்டாள்.

பிள்ளைக்குப் புகை காட்ட ஒரு பிடி தணல் போதும். பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு நான் திரும்பவும் வெளியே போனேன். பிரவீணன் இடுக்கியால் கோழியைப் புரட்டிக்கொண்டிருந்தான். பெரிய இரும்புச் சட்டி நிறையத் தணலை அள்ளித் தந்தான். "காணுமோ அன்ரி?" என்றும் கேட்டான். "இன்னும் கொஞ்சம் போடு தம்பி, ஈரநாள்," என்றேன். சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிள்ளைப்பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று யன்னலைச் சாத்தினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். கதவையும் சாத்தினேன்.

வெளியே பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் கொஞ்சினார்கள். கௌசி எங்கே என்று மூன்று பேர் கேட்டார்கள். "பாவம், படுக்கட்டும்," என்று மூன்று பேருக்கும் சொன்னேன். யாரும் எழும்பிப் போகவில்லை. கோழி நன்றாக இருந்தது. கேக் வெட்டக் கூப்பிட என்று பிரவீணன் உள்ளே போனபோது நாலேகால்.

விபத்து என்று உங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதினீர்கள். மழைநாளில் தணலை வீட்டுக்குள் வைக்கிற பழக்கம், சுவரில் பூட்டாத அலாரம். நல்லகாலம், பிள்ளை அன்ரியின் கையில் இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு கௌசியின் தாய் அழுதார். வீடு மாறப் போகிறார்கள் என்பதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே இரகசியம் அது.

பிரவீணன் மாறிப் போகவில்லை. வேலியில் ஒரு படலைக் கதவு வெட்டினான், நான் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொண்டுவர வசதியாக. கரி அடுப்பு அங்கேயே மழையில் நனைந்து துருப்பிடித்து நிற்கிறது. யாரும் மூட்டுவதில்லை. ஆனாலும் ஞாயிறு இரண்டு மணிக்கு என் குசினிக்குள் சாம்பிராணி மணக்கிறது. அந்தப் பெட்டியைத் துவாயில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஒருதரம் கீச்சென்கிறது. இராசரத்தினத்துக்குக் கேட்கவில்லையாம். பிள்ளைக்குக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் பால் குடிப்பதை நிறுத்தி, வாளிப் பக்கம் தலையைத் திருப்பிச் சிரிக்கிறாள். கௌசி கண்ணை மூடிச் சிரித்த அதே சிரிப்பு.

போன கிழமை பிரவீணன் ஒரு புது அலாரத்தோடு வந்தான்.

"பிள்ளை கூட நேரம் உங்களிட்டைத்தானே அன்ரி. உங்கடை வீட்டிலையும் ஒண்டு இருக்கட்டும்."

அவனே கதிரையில் ஏறி, அரிசி வாளிக்கு நேர் மேலே பூட்டினான். நான்தான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் பொலிசுக்கு, உங்களிடம் வந்தேன்.

கௌசியைக் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன். பெட்டி வாளியின் அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும். பிள்ளைக்குப் பத்து மணிக்கு முழுகவார்க்க வேண்டும். யாரிடம் கொடுக்கப் போகிறீர்களோ, கொடுக்கமுன் நன்றாக விசாரியுங்கள். இந்தக் காலத்தில் என்னைப் போல ஒரு பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம்.