பணத்துக்கு ஆள் இருக்கு

இன்னும் கிட்ட வந்து உக்காரும்மா, கதவோரம் காத்து அடிக்கும். மேல் பலகைக்கே வந்துரு. துண்ட விரிச்சுப் போட்டு உக்காரு, சுடாது. ஆங்... அந்தப் பங்க்குல மட்டும் பெட்ரோல் போட்றாதேன்னு சொல்லிட்டிருந்தேன்ல. பாலத்துக்கு அந்தாண்ட, மஞ்சக் கூரை. நீ புதுசா குடி வந்தவ, உனக்கு யாரு சொல்லுவா? இந்த வீட்டுல மாடிக்கு மாடி மனுசங்க இருக்காங்க, ஒருத்தராச்சும் வாயத் தொறக்கறாங்களா. லிஃப்ட்ல ஏறினா அவங்கவங்க செருப்பப் பாக்கறாங்க. இந்த நீராவிக் குளியல் ரூம்ல, சவுனாலயாவது பேசுவாங்கன்னு பாத்தா, இங்கயும் சுவத்தப் பாக்கறாங்க.

பங்க்குன்னு சொல்றேன், அது பங்க்கா? நாலு குழாயும் ஒரு தகரப் பொட்டியும். உள்ள மனுசன் கெடையாது, காப்பி கெடையாது, பட்ட தூவின பன்னு கெடையாது. இப்படி ஆளில்லாத பங்க்குக்கு 'குளிர் பங்க்'னு பேர் வச்சாங்க பாரு, வச்சவன் வாய்க்குச் சக்கரதான் போடணும். கார்ட உள்ள விட்டா லபக்குன்னு வாங்கிக்கும். எவ்வளவு வேணும்னு ஒரு வார்த்த கேக்காது. இந்த ஆளு ஒரு டாங்க் முழுசா போடப் போறான்னு அதுவே முடிவு பண்ணி, அந்தப் பணத்த முன்னாடியே பிடிச்சு வச்சுக்கும். நீ கொஞ்சூண்டு போட்டுட்டுப் போ, அதுக்குக் கவலையில்ல. மிச்சத்த அப்புறம் விடும். எப்போ? அதுக்கு எப்போ தோணுதோ அப்போ.

பணம்தானே, திரும்பி வந்துருமேன்னு நெனப்பே. எங்க ரைமோவுக்கு அதனால ஒரு பொம்பளையே கைய விட்டுப் போகப் பாத்தா.

ரைமோ என் தம்பி. மரக்கட்ட லாரி ஓட்டினவன். காலமெல்லாம் காட்டுக்குள்ள தனியா வண்டி ஓட்டி, பேச்சே மறந்து போச்சு அவனுக்கு. பொண்டாட்டி இருந்தவரைக்கும் அவ பேசுவா, இவன் 'ம்' கொட்டுவான். அவ போனப்புறம் 'ம்' கொட்டவும் ஆளில்ல. நான் போன் பண்ணி "இருக்கியாடா"ன்னு கேப்பேன். "இருக்கேன்"ம்பான். வச்சுருவான்.

இரு, கல்லு மேல கொஞ்சம் தண்ணி ஊத்தறேன்... ஸ்ஸ்ஸ்... மூக்கால இழுக்காதே, வாயால விடு. காது எரியுதா? எரியட்டும், நல்லதுதான்.

அப்பேர்ப்பட்டவன், பள்ளிக்கூடத்துல சமையல் பாத்த ஐலா இருக்கால்ல... உனக்குத் தெரியாது, சரி. நெட்டையா இருப்பா, எதுக்கெடுத்தாலும் சிரிப்பா. அவகூட ஏரிக்கரை ஆட்டக் கொட்டகையில டாங்கோ ஆடிருக்கான். ஆடும்போது பேச வேண்டியதில்லையே, அதான் அவனுக்குத் தோது. திடீர்னு என்ன தோணுச்சோ, போன வருஷம் நடுக்கோடைத் திருநாளுக்கு, 'நான் கார்ல வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்'னு அவளுக்குப் போன்ல எழுதி அனுப்பிட்டான். முழுசா ஒரு வாக்கியம், கடைசில புள்ளியோட. ஐலா என்கிட்டதான் கொண்டாந்து காட்டினா.

"இர்மெலி, இது உன் தம்பி எழுதினதுதானா, யாராச்சும் அவன் போனத் திருடிட்டாங்களா?"ன்னா.

"கெடச்சத வாங்கிக்க, தோண்டாதே"ன்னேன்.

சட்ட வாங்கினான். ஆடறதுக்குன்னே தோல் அடி வச்ச ஷூ வாங்கினான். முடி வெட்டிக்கிட்டான். கார அடிவயிறு வரைக்கும் கழுவினான். பென்ஷன் கணக்குல தரை தெரிய ஆரம்பிச்சுருச்சு. இருந்தாலும் கொட்டகைச் சீட்டுக்கு இருந்துச்சு, காப்பிக்கும் சுட்ட சாசேஜுக்கும் இருந்துச்சு, டாங்க் நெறயப் பெட்ரோலுக்கும் இருந்துச்சு, மாசக் கடைசி வரைக்கும் சாப்பாட்டுக்கும் இருந்துச்சு.

திருநாளன்னைக்கு மத்தியானத்துலயே ஊர் காலி. அவனவன் ஏரிக்கரைக் குடிசைக்கு ஓடியாச்சு. கட மூடியாச்சு, மனுசங்க இருக்கற பங்க்கும் மூடியாச்சு. இவன் போனான் குளிர் பங்க்குக்கு. கார்ட விட்டான், நம்பர அமுக்கினான், குழாயத் தூக்கினான். வரல. ஒதறினான். வரல. மறுபடி கார்டு, மறுபடி அதே குழாய். மாட்ட முதுகுல தட்டற மாதிரி அந்தப் பொட்டியத் தட்டினானாம், அதுக்கும் வரல. அப்புறம் பக்கத்துக் குழாய்க்குப் போனான், கார்ட விட்டான், அது வந்துச்சு. போடுன்னு போட்டான், டாங்க் வழிய வழிய.

சந்தோசமா போன எடுத்துக் கணக்கப் பாத்தா, மொட்ட. கார்ட விட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு டாங்க் பணத்தப் பிடிச்சு வச்சுக்கிச்சு அந்த மிஷின். சொட்டு கூட குடுக்காத குழாய்க்கும் சேத்து. பணத்துக்கு நேரா ஒரே வார்த்த போட்டிருக்கு. 'ஆள் இருக்கு.' ஒதுக்கி வச்சாச்சு, நீ தொட முடியாதுன்னு அர்த்தம்.

மனுச வாடையே இல்லாத எடத்துல ஆள் இருக்காம்.

இந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு நம்மாளுங்க என்னதான் பண்றதில்ல சொல்லு. ரயில்ல கக்கூஸ் கதவுல ஆள் இருக்கு. ஓட்டல் மேசைல ஆள் இருக்கு. பேங்க்குலயும் இப்போ ஆள் இருக்கு. கொட்டகையில ஒரு பொண்ணுகிட்ட எவனாச்சும் வழிஞ்சா, அவளும் 'எனக்கு ஆள் இருக்கு'ன்னுதான் சொல்றா. பேங்க்குக்குன்னு தனியா ஒரு வார்த்த செஞ்சா கொறஞ்சா போயிருவாங்க?

ரைமோ கார்லயே உக்காந்து ஐலாவுக்கு எழுதினான். 'வர முடியாது. ஆள் இருக்கு.' அவ்வளவுதான். பணத்துக்குன்னு முன்னாடி ஒரு வார்த்த போட்டா வெரல் தேஞ்சிருமா? போடல. அனுப்பிட்டு, வீட்டுக்குப் போயி விறகு பொளக்க ஆரம்பிச்சுட்டான்.

நான் கேக்கறேன், நீ அதப் படிச்சா என்ன நெனப்பே? ...ஆங். அதையேதான் அவளும் நெனச்சா.

எனக்குப் போன் வருது. "இர்மெலி, உன் தம்பிக்கு ஆள் இருக்காமே. முன்னாடியே சொல்லிருக்கலாம்ல, நான் முடி சுருட்டறதுக்குத் தலையெல்லாம் சுருள் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்"னா. குரல் சிரிக்குது, ஆனா மூக்கு அடைச்சிருக்கு. சைக்கிள எடுத்தேன். போற வழியெல்லாம் இந்த வட்டாரத்து விதவைங்கள ஒவ்வொருத்தியா நெனச்சுப் பாக்கறேன். பேக்கரிக்காரியா? சர்ச்சுல ஆர்கன் வாசிக்கறவளா? அவளுக்கு இவன் பாதி உசரம்தான் இருப்பான்.

அவன் வீட்டு வாசல்ல போய் எறங்கினதும் கேட்டேன். "யாருடா அவ?"

"எவ?"

"உனக்கு ஆள் இருக்காமே."

"எனக்கில்ல. பணத்துக்கு."

"பணத்துக்கு எவடா?"

கோடாலிய எறக்கிட்டு, எனக்குப் புத்தி கலங்கிருச்சோன்னு பாத்தான். "பங்க்கு"ன்னான்.

மிச்சத்த நான் இடுக்கி போட்டுத்தான் எடுத்தேன். பேங்க்குக்குப் போன் போட்டேன். திருநாள்ல யாரு எடுப்பா? கார்டு தொலஞ்சவங்களுக்குன்னு ஒரு நம்பர் இருந்துச்சு, அதுல பாட்டு போட்டான், கேட்டேன். கடைசில ஒரு சின்னப் பொண்ணு வந்தா. "பயப்படாதீங்கம்மா, அது எங்கயும் போகல. உங்களோடதுதான், பத்திரமா இருக்கு. இப்போதைக்கு அதால உங்களுக்குப் பிரயோசனம் இல்ல, அவ்வளவுதான்"னா. பணத்தச் சொல்றாளா என் புருஷனச் சொல்றாளான்னு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகமாயிருச்சு.

"நான் தர்றேன்டா"ன்னு பர்ஸ எடுத்தேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். "அக்கா காசுல ஒரு பொம்பளைய ஆடக் கூட்டிட்டுப் போறதா?" அதோட விறக எடுத்து வச்சு மடார்னு ஒரு போடு. எனக்கு என்ன பயம்னா, இன்னைக்கு விட்டா இவன் இனிமே ஒருத்திகிட்ட வாயத் தொறக்க மாட்டான். சாகற வரைக்கும் நான் "இருக்கியாடா"ன்னு கேட்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

அந்தாண்ட போயி ஐலாவுக்குப் போன்ல விஷயத்தச் சொன்னேன். அப்புறம் சிரிச்சா பாரு, போன கீழ வச்சுட்டுச் சிரிச்சா.

"அப்போ வரச் சொல்லு."

"வர மாட்டேங்கறான். மானம்."

"நான் செலவு பண்றேன்னு சொல்லு."

"அதக் கேட்டா காட்டுக்குள்ள எறங்கிருவான், பனி விழுந்தப்புறம்தான் வருவான்."

"சரி, வை"ன்னா.

எங்க எந்திரிக்கறே? கீழ் பலகைல வேணா உக்காரு, அங்க சூடு கம்மி. இந்தா, இந்தத் தண்ணியக் குடி. கதைய விட்டுட்டுப் போனா ஒடம்புக்கு ஆகாது.

கொஞ்ச நேரத்துல அவளே சைக்கிள்ல வந்து எறங்கினா. நீலக் கவுனு, தலைல சுருள் ஒண்ணும் இல்ல, ஆடற ஷூவப் பையில போட்டுத் தோள்ல மாட்டிருக்கா. என்கிட்டயும் பேசல, அவன்கிட்டயும் பேசல. நேரா போயி கார் கதவத் தொறந்து முன் சீட்டுல உக்காந்து ரேடியோவப் போட்டா. அன்னைக்கு ரேடியோல வேற என்ன வரும், டாங்கோதான். ரைமோ கோடாலியோட நிக்கறான். அவ ஷூவ மாட்டிக்கிட்டு எறங்கி, சரளைக் கல்லு மேல நடந்து வந்து, அவன் மூஞ்சிக்கு நேரா நின்னா.

"இப்போ பெண்கள் முறை"ன்னா.

கொட்டகையில பொம்பளைங்க போயி ஆம்பளைங்கள ஆடக் கூப்பிடற நேரம் அது. பெண்கள் முறையில ஒரு பொம்பள வந்து கூப்பிட்டா, மாட்டேன்னு சொல்ற ஆம்பள இந்த ஊர்ல இன்னும் பொறக்கல. அதுலயும் ரைமோ, நாட்டுச் சட்டத்த விடக் கொட்டகைச் சட்டத்துக்குப் பயந்தவன். கோடாலியக் கட்டைல சொருகினான், கையப் பேன்ட்ல தொடச்சான், ஆடினான். என்னமா ஆடறான்னு நெனக்கறே? வாயில வராததெல்லாம் அவனுக்குக் கால்ல வருது. மரத்தூள் பூரா அவ கவுனுல. நான் படில உக்காந்து நகத்தக் கடிக்கறேன். ஒரு தடவ கூப்பிட்டா ரெண்டு பாட்டு, அதுக்கு மேல கெடையாது. ரெண்டாவது முடிஞ்சா, நன்றி சொல்லி, அவள அவ எடத்துல கொண்டு விடணும். விட்டுட்டா இவன் விறகுக்குத் திரும்பிருவான்.

முடிஞ்சுது. தலையச் சாய்ச்சு "நன்றி"ன்னான். முழங்கைய நீட்டினான், அவ பிடிச்சுக்கிட்டா. கார் பக்கம் நடக்கப் பாத்தான். அவ நகரல.

"என் எடம் இது இல்ல"ன்னா.

"பின்ன?"

"கொட்டகையில. எடது பக்கம், ஜன்னலோரப் பெஞ்சு."

நின்னுட்டான். அவன் மண்டைக்குள்ள சக்கரம் சுத்தறது எனக்குப் படி வரைக்கும் கேக்குது. ஆடின பொம்பளைய நடுவழில விட்டவன்னு பேர் வாங்கிட்டு, அவன் மறுபடி எந்தக் கொட்டகையில கால் வைப்பான்?

"தூரமாச்சே"ன்னான்.

"டாங்க் வழியுதுன்னு கேள்விப்பட்டேன்."

"சீட்டுக்கு..."ன்னு இழுத்தான்.

"கூப்பிட்டது யாரு?"

"நீ."

"கூப்பிட்டவங்கதான் சீட்டு எடுக்கணும். போயி மூஞ்சியக் கழுவு."

அவன் உள்ள போயி, புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள, ஐலா கார்ல ஏறி, கதவச் சாத்தி, பெல்ட்ட மாட்டி, ஷூவக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, ரோட்டப் பாத்து உக்காந்துட்டா.