முட்டுப் பிரித்த தளம்

ஆனி மாதக் கடைசி வெள்ளியன்று, காரைக்காலில் எக்ஸ்ரே வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கொத்தனாரும், அவரை வைத்துப் பூவத்தில் வீடு கட்டுபவரும் நின்றார்கள்.

“சாம்பல் கலந்து, சூரிய கரண்டுல அரைச்ச சிமெண்ட், பூமிக்கு நல்லதுன்னாங்க. வாங்கினேன். மேல்தளம் பூமியில கெடக்கு,” என்றார் வீட்டுக்காரர்.

“சிமெண்ட் மேல பழி போடாதீங்க. அது மெதுவாத்தான் இறுகும், தளத்தத் தாங்குற முட்டு இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்னு சொன்னேன். ஆடி பொறக்குறதுக்குள்ள பால் காய்ச்சணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க.”

“உன் தம்பிதானேப்பா முட்டப் பிரிச்சான்?”

“நான் மாட்டேன்னு போனப்பறம், அவனக் கூப்ட்டு நீங்கதான் பிரிக்கச் சொன்னீங்க. அவனுக்குப் பழைய சிமெண்டுதான் பழக்கம்.”

உள்ளேயிருந்து தம்பியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிவந்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வீட்டுக்காரரைக் கண்டதும் அவன் கேட்டான்:

“பால் காய்ச்சியாச்சாங்க?”