இரத்த அழுத்தமும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும்

இந்த மாலைக்குத் தலைமை தாங்கும் அம்மையார் அவர்களே! அறிவால் மூத்த, அன்பால் உயர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்த அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆடவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

கடைக்காரர் கொசுறாகப் போடும் கொத்தமல்லி, கொதிக்கும் குருதியைக் குளிரவைக்குமா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. காரணம், என் அக்கா வீட்டுக்காரர்.

அவர் கிரேன் ஓட்டுபவர். வானளாவும் கட்டடங்களின் உச்சியில், கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து இரும்பைத் தூக்குபவர். கீழே நிற்பவர்கள் சூட்டிய பெயர் 'மேகத்தார்'. பரிசோதனையில் அவருக்கு இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "குறையற வரைக்கும் மேல ஏறக்கூடாது" என்றார். மேகத்தார் தரையிறங்கினார், கிடங்கில் ஆணிப் பெட்டி அடுக்கினார்.

யாரோ சொன்னார்கள், கொத்தமல்லிச் சாறு போதும் என்று. குடித்தார் ஐயா, குடித்தார்! காலையில் குடித்தார், மாலையில் குடித்தார், மாத்திரையைக் குப்பையில் போட்டார்! ஒருநாள் தலைசுற்றிக் கிடங்கு வாசலிலேயே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டாள்: "அப்போ இந்த இலை வெறும் பொய்யா டாக்டர்?"

"பொய்னு சொல்ல மாட்டேன்மா. ஆராய்ச்சி நடக்குது, இன்னும் உறுதியா தெரியல. ஆனா மாத்திரையோட வேலையை அது செய்யாது. சாப்பாட்டுல உப்பு எப்படி?"

"அவருக்குத் தூக்கலா இருக்கணும்."

"அதைக் குறைங்க. ருசியே இல்லைன்னு கத்துவாரு. அங்கதான் இலைக்கு வேலை!"

அன்றிலிருந்து அக்காவின் அடுப்படி ஆராய்ச்சிக்கூடம் ஆனது. தண்டை நசுக்கி முதலில் போட்டாள். குழம்பை இறக்கும்போது இலையைத் தூவினாள். எலுமிச்சை பிழிந்து பார்த்தாள்.

மேகத்தார் தட்டைத் தள்ளினார். "இது சாப்பாடா, தண்டனையா?"

"மேல ஏறணுமா, வேண்டாமா?"

தட்டு திரும்பி வந்தது!

என்ன தாயே, எவ்வளவு இலை என்கிறீர்களா? ருசிக்கு உங்கள் கை அளவு. நோய்க்கு டாக்டர் சொல்லும் அளவு!

மாதங்கள் ஓடின. மாத்திரை தவறவில்லை, உப்பு ஏறவில்லை. அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. மேகத்தார் கேட்டார்: "மாத்திரையா, உப்பா, இலையா? நான் யாருக்கு நன்றி சொல்றது?"

"முதல்ல மாத்திரைக்கு. மத்த ரெண்டுல எது எவ்வளவுன்னு எனக்கே தெரியலையே!" என்று சிரித்தார் டாக்டரம்மா.

தெரியவில்லை! எவ்வளவு நேர்மையான சொல்! தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவர் பேச்சு மேகத்தாரைத் தரையில் சாய்த்தது. தெரியாததைத் தெரியாது என்றவர் பேச்சு அவரை மேலே ஏற்றியது!

டாக்டரம்மா அனுமதி தந்த மறுநாள் மேகத்தார் ஏறினார். அக்கா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கிரேனின் நீண்ட கை அரைவட்டம் சுற்றி நின்றது. போன் ஒலித்தது.

"பார்த்தியா? நான்தான் திருப்பினேன்."

"பேசாம வேலையைப் பாருங்க" என்றாள். போனை வைத்துவிட்டு, நடுத்தெரு என்றும் பாராமல் அழுதாள்.

ஆகவே கேள்வி கேளுங்கள்! இலையை நறுக்கும்போதும் கேளுங்கள், மாத்திரையை விழுங்கும்போதும் கேளுங்கள். விடை வரும்வரை எதையும் குப்பையில் போடாதீர்கள்! செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நலமாக வீடு சேருங்கள், வணக்கம்!