மைனஸ் ஐம்பத்தி நாலில் கிளம்பிய வண்டி

— கதவைச் சாத்து மொதல்ல. வீடு பூரா வெள்ளையா ஆவி அடைச்சுக்கிச்சு.

— சாத்தியாச்சு. வண்டி கிளம்பிருச்சு, நரீயா.

— கிளம்பிருச்சா?

— ரெண்டாவது திருப்புலயே புடிச்சுக்கிச்சு.

— மைனஸ் ஐம்பத்திரெண்டுல?

— ஐம்பத்தி நாலு. தெர்மாமீட்டர் மேல இருந்த பனியைத் துடைச்சுட்டுப் பார்த்தேன்.

— சும்மா சொல்லாத, மிச்சில்.

— காது இருக்குல்ல, கேளு. வாசல்ல உறுமிக்கிட்டு நிக்குது.

— அடுத்த வீட்டு வண்டி மூணு நாளா கட்டையாக் கெடக்கு. நம்ம ஓட்டை வண்டி மட்டும் எப்படி எந்திரிச்சுது?

— அவன் பேட்டரியை வெளியிலயே விட்டுட்டான். நான் கழட்டிக் கொண்டாந்து அடுப்புப் பக்கத்துல வச்சிருந்தேன். அதுபோக இன்ஜினுக்கு ராத்திரி பூரா கரண்ட் சூடு ஓடுச்சு. எந்திரிக்காம என்ன செய்யும்?

— ராத்திரி பூரா ஓடுச்சா?

— ஏன் அப்படிப் பாக்குற? பெட்டி ரெடியா?

— ரெடி. ஒன்பது வருஷக் குடித்தனம் ஒரே பெட்டில அடங்கிருச்சு. எடமும் மிச்சம் இருக்கு.

— கம்பளி எதுவும் எடுத்துக்கலையா?

— தெற்குல எதுக்கு? அங்க மக்க ஜனவரில சட்டை பட்டனைத் திறந்து விட்டுக்கிட்டு நடக்குறாங்களாம். துயாரா அக்கா சொன்னா.

— சரி. நடக்கட்டும். வா, போவோம்.

— இன்னும் டீ குடிக்கல.

— பிளாஸ்க்ல ஊத்தி வச்சுட்டேன். பால் விட்டது. வண்டில குடிச்சுக்கலாம்.

— பீப்பாயில தண்ணி அடிமட்டத்துல கெடக்கு. கொட்டகையிலேருந்து ரெண்டு ஐஸ் கட்டி தூக்கியாந்து போட்டுட்டு வரேன். நீ மறந்துருவ. அப்புறம் நாக்கு வறண்டு கெடப்ப.

— நேத்தே போட்டுட்டேன். மூடியைத் தூக்கிப் பாரு.

— ஜன்னல் இடுக்குல காத்து வருது. பஞ்சு வச்சு அடைக்கணும்.

— நான் அடைச்சுக்கிறேன்.

— வெளிய பனிப்புகை ரொம்ப இருக்கு. விமானம் கிளம்பாது. ஏர்போர்ட்ல போய் பெஞ்சுல சுருண்டு கெடக்கணும்.

— போன் பண்ணிக் கேட்டேன். கிளம்புதாம்.

— எப்ப கேட்ட?

— நீ தூங்குறப்ப.

— நல்லா இருக்கு. பொண்டாட்டி விட்டுட்டுப் போறான்னா, எந்தப் புருஷனும் வண்டி கெட்டுப்போகட்டும்னுதான் நெனைப்பான். நீ என்னடான்னா கல்யாணத்துக்குப் போற மாதிரி சூடேத்தி வாசல்ல நிறுத்தி வச்சிருக்க.

— போறேன்னு சொன்னது நீ.

— நான் சொன்னேன். ஆமா. சொன்னது நான்தான்.

— டிக்கெட் எடுத்தது நீ. பொண்ணைப் பள்ளிக்கூடத்துலேருந்து எடுத்து, இலையுதிர் காலத்துலயே அக்காகிட்ட அனுப்பினது நீ. நான் வண்டி ஓட்டுறேன். அவ்வளவுதான் என் வேலை.

— இரு, தொப்பி போட்டுக்கிறேன்.

— மூக்கை மூடிக்க. வண்டிக் கதவை வெறுங்கையால தொடாத.

— எனக்கா சொல்ற? இதைச் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லல. எனக்குச் சொல்ற.

— ஏறு, நரீயா. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு பேசாத, உள்ள இருக்குற சூடு போயிரும்.

— ஏறிட்டேன். போ. என்ன இது, தடதடன்னு அடிக்குது?

— டயர். ராத்திரி ஒரே எடத்துல நின்னு, தரையில பட்ட பக்கம் தட்டையாவே உறைஞ்சுபோச்சு. ஓட ஓட உருண்டையாயிரும்.

— நமக்குத்தான் ஓட ஓட உருண்டையாகவே இல்ல.

— டீ ஊத்தித் தரவா?

— வேண்டாம். ரோட்டைப் பாரு. ஒண்ணும் தெரியல. முன்னாடி போறவன் புகையே நமக்குச் சுவர் மாதிரி இருக்கு.

— பழகின ரோடுதான. உன் பக்கத்துக் கண்ணாடியச் சொரண்டி விடு. இந்தா, அட்டை.

— ரெட்டைக் கண்ணாடி ஒட்டியும் உள்பக்கம் பனி கட்டுது பாரு. நாம விடுற மூச்சுதான். ரெண்டு பேரு மூச்சு விட்டாலே இந்த வண்டிக்குத் தாங்கல. திரும்பி வர்றப்ப நீ தனியா வருவ. கண்ணாடி பளிச்சுன்னு இருக்கும்.

— ம்.

— என்ன ம்? ஒன்பது வருஷமா இந்த ம்முக்கு அர்த்தம் தேடிக்கிட்டு இருக்கேன்.

— நீ பேசுறது கேக்குதுன்னு அர்த்தம்.

— நீயும் வந்திருக்கலாம்.

— கொதிகலன யாரு பாக்குறது? நான் ரெண்டு நாள் ஊர்ல இல்லன்னா பள்ளிக்கூடத்துக் குழாய் வெடிக்கும். ஆஸ்பத்திரிக் குழாய் வெடிக்கும். மாத்து ஆளு இருக்கான், குடிச்சுட்டுக் குப்புற விழுந்து கெடப்பான். தெரியும்ல உனக்கு.

— தெரியும். ஊரு பூரா உன் சூட்டுலதான் தூங்குது. கிழவிங்க எல்லாம் மிச்சில் மவராசன்னு வாழ்த்துறாங்க. பெத்த பொண்ணுக்கு மட்டும்...

— முடி. ஏன் நிறுத்திட்ட? ஒரு வருஷமா இதே எடத்துல வந்து நிறுத்துற. இன்னிக்காவது முடிச்சுட்டுப் போ.

— முடிக்கிறேன். பெத்த பொண்ணை வண்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டுக் கடைக்குள்ள போனவன் நீ. போதுமா?

— இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

— ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஓடிக்கிட்டு இருந்துச்சு. இதை எத்தனை தடவை சொல்லுவ?

— இந்த ஊர்ல யாரு அப்படிச் செய்யல, சொல்லு. புள்ள பின் சீட்டுல தூங்குது. அதை எழுப்பி, அஞ்சு சட்டை மாட்டி, அந்தக் குளிர்ல இழுத்துக்கிட்டு எவன் கடைக்குள்ள போவான்? இன்ஜினை ஓட விட்டுட்டு, பூட்டிட்டுத்தான் போவான். நீ எத்தனை தடவை விட்டுட்டுப் போயிருக்க? துணிக்கடை வாசல்ல, தபால் ஆபீஸ் வாசல்ல. நான் கூட இருந்து பார்த்திருக்கேன்.

— நான் விட்டப்ப இன்ஜின் நிக்கலையே.

— அது உன் அதிர்ஷ்டம். பெட்ரோல்ல எவனோ தண்ணி கலந்திருக்கான், எனக்கு என்ன தெரியும்? குழாய்ல ஐஸ் அடைச்சு, சத்தமில்லாம அணைஞ்சிருச்சு. கடை வாசல்ல அன்னிக்கு முப்பது வண்டி புகை விட்டுக்கிட்டு நிக்குது. அதுல ஒரு வண்டி புகை விடலன்னு யாரு பாப்பா?

— பொண்ணு கையுறையைக் கழட்டி வச்சிருந்தா. பூட்ஸையும்.

— உள்ள அவ்வளவு சூடு வச்சிருந்தேன் நான். அவ சொகமாத் தூங்கணும்னு. அதுக்குத்தான் வச்சேன்.

— தெரியும். கதவைத் திறக்கப் பார்த்திருக்கா. பிடி இரும்பு. விரல் ஒட்டிக்கிச்சு. அம்மான்னு கத்தியிருக்கா. கண்ணாடியில பனி, உள்ள யாரு இருக்கான்னு எவனுக்கும் தெரியல. டாக்டர் ரெண்டு விரல் நுனியை எடுத்தப்ப நான் வராந்தாவுல உக்காந்து அந்தச் சத்தத்தைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நான் கேக்காத சத்தம்.

— நானும்தான் அங்க உக்காந்திருந்தேன்.

— நீ எந்திரிச்சுப் போய் வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருந்த. உறைஞ்சிரும்னு. அரை மணிக்கு ஒரு தடவை.

— வீட்டுக்கு எதுல கூட்டிட்டுப் போறது அவளை? நடத்தியா?

— இப்ப அங்க கையுறையே வேண்டாமாம். அதான் பெரிய கஷ்டமாம். இங்க எல்லாப் புள்ளைங்களும் கையுறை போட்டுக்கிட்டுத் திரியும், யாருக்கும் தெரியாது. அங்க கை வெளிய தெரியுது. பாக்கெட்டுக்குள்ளயே வச்சிருக்காளாம். டீச்சர் கையை வெளிய எடுன்னா அழறாளாம். அக்கா நேத்து சொன்னா.

— எங்கிட்டயும் சொன்னா.

— உங்கிட்டயா? உங்கிட்டயும் பேசுறாளா அவ?

— அக்கா இல்ல, நம்ம சயானா பேசுறா. வாரத்துக்கு ரெண்டு தடவை. அப்பா, அங்க எவ்வளவு குளிருதுன்னு கேப்பா. நான் கொறச்சுச் சொல்லுவேன்.

— எனக்குத் தெரியாது.

— உனக்குத் தெரியாதது இன்னும் இருக்கு.

— சொல்லு. ஆத்து மேல ஏறப் போறோம். ஏர்போர்ட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். சொல்றதைச் சொல்லிரு.

— பெல்ட்டைக் கழட்டு. ஆத்து ஐஸ் மேல பெல்ட்டோட போகக் கூடாது, உடைஞ்சா குதிச்சுரணும்.

— கழட்டிட்டேன். சொல்லு.

— அன்னிக்கு நான் கடைக்குள்ள போய் ரொட்டியும் மாவும் எடுத்துக் காசு குடுத்து வர எவ்வளவு நேரம் ஆகும்? வரிசைகூட இல்ல. வாசக்கதவுகிட்ட வந்துட்டேன். கை கதவு மேல இருக்கு. போன் அடிச்சுது.

— யாரு?

— யாருன்னு உனக்குத் தெரியாதா?

— நானா?

— குளிரு தாங்காம போன் அணைஞ்சிரும்னு, வெளிய வராம உள்ளயே நின்னு பேசினேன். நீ எங்கம்மாவைப் பத்தி ஆரம்பிச்ச. அப்புறம் என் தம்பிக்குக் குடுத்த குதிரையைப் பத்தி. அப்புறம் நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்க சித்தி சொன்னதைப் பத்தி. நான் வச்சிரவான்னு கேட்டேன். வச்சா வீட்டுக்கு வராதன்ன. நான் வைக்கல. நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

— மிச்சில்.

— ரோட்டைப் பாக்கணும், என் பக்கம் திரும்பாத.

— ஒரு வருஷமா ஏன் சொல்லல?

— எதுக்குச் சொல்றது? ஒருத்தர் மேல பழி போட்டாலே வீட்டுல இருக்க முடியல. ரெண்டு பேரு மேலயும் போட்டுக்கிட்டு எங்க இருக்குறது?

— நான் உன்னை டெய்லி ஏசினேன். சாப்பாடு வைக்கிறப்ப ஏசினேன். அவ கைக்குக் கட்டு மாத்துறப்பல்லாம் உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிக்க வச்சு, பாருன்னு ஏசினேன்.

— ஆமா.

— நீ ம்னு சொல்லிக்கிட்டு நின்ன.

— ஆமா.

— எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கடைக்குப் போறேன்னு நீதான் சொல்லிட்டுப் போன. புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னும் சொன்ன. நான் கோவத்துல அடிச்சேன் போனை. நான் அதை நெனச்சே பாக்கல. இல்ல, பொய். நெனச்சேன். ஆஸ்பத்திரியிலயே ஒரு தடவை நெனச்சேன். சட்டுனு வேற எதையோ நெனச்சுக்கிட்டேன். உன்னை ஏசுறது சுலபமா இருந்துச்சு.

— விடு. கரை தெரியுது. பெல்ட்டை மாட்டு.

— வண்டியை மெதுவா ஓட்டு.

— நேரமாச்சு.

— மெதுவா ஓட்டுன்னு சொல்றேன்ல. எனக்கும் ஒண்ணு சொல்லணும். காலைலேருந்து தொண்டையில நிக்குது. கேட்டுட்டு நீ சிரிச்சாலும் சரி.

— சொல்லு.

— எனக்குப் போக வேண்டாம், மிச்சில். டிக்கெட் எடுத்த அன்னிக்குப் போகணும்னு இருந்துச்சு. பெட்டி கட்ட ஆரம்பிச்சதுலேருந்து வேண்டாம்னு இருக்கு. பொண்ணை இங்க திரும்பக் கூட்டியாந்துருவோம். அவ கையுறை போட்டுக்கிட்டு எல்லாப் புள்ளைங்களோடவும் ஓடட்டும். போக மாட்டேன்னு வாய் தொறந்து சொல்ல எனக்கு வரல. அவ்வளவு ஏசிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? அதான் நேத்து ராத்திரி நீ படுத்ததும் எந்திரிச்சுப் போனேன். செருப்பு மட்டும் மாட்டிக்கிட்டு, உன் கோட்டைப் போத்திக்கிட்டு. இன்ஜினுக்குப் போற கரண்ட் ஒயரைப் புடுங்கிப் போட்டுட்டு வந்தேன். காலைல வண்டி கட்டையாக் கெடக்கும், விமானம் போயிரும், நான் உன்னை ரெண்டு ஏசு ஏசிட்டு, டீ போட்டுக் குடிச்சுட்டு, வீட்டுலயே இருந்துரலாம்னு நெனச்சேன். அது எப்படி எந்திரிச்சுதுன்னு இன்னும் எனக்குப் புரியல.

— நீ புடுங்குறதை ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், நரீயா. நீ தூங்கினப்புறம் போய் திரும்பச் சொருகிட்டு வந்தேன்.