நீ செத்துட்டா கடை எனக்கு

எதிர் சீட்டில் கொலைக்குத் திட்டம் போடுகிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். வேங்கிக்கால் போகும் ஷேர் ஆட்டோ. எதிரே இரண்டு பெண்கள், மடியில் ஒரு முத்திரைத்தாள். கண்ணாடி போட்டவர் அதைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"நீ செத்துட்டன்னா கடை எனக்கு வந்துடும், சுமதி."

ஐம்பது வயது ஆம்பளை நான், போலீசுக்குப் போன் போடப் பார்த்தேன். அவசரத்தில் போனின் டார்ச்தான் எரிந்தது.

"டிபன் கடை போடலாம்னுதானே கூப்ட்ட? அதுக்குள்ள என்னைச் சாவடிக்கிறியே! நோட்டரிகிட்ட சொல்லி அந்த வரிய எடுத்துடுக்கா. இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

"முழுசா கேளுடி. கூட்டாளி ஒருத்தர் செத்துட்டா இன்னொருத்தர் கடைய நடத்தலாம். ஆனா செத்தவங்க பங்க வாரிசுக்குக் குடுத்துடணும். நான் போனாலும் அதேதான்."

"என் வாரிசு யாரு?"

"உம் பொண்ணுன்னு பேரோட போட்டிருக்கு."

"அவளுக்கு இட்லி ஊத்தவே தெரியாதேக்கா!"

"அதான் பங்க மட்டும் குடுக்கச் சொல்லுது. வேலைய இல்ல."

சுமதி சிரித்துவிட்டார்.

"அப்ப அந்த வரி இருக்கட்டும். ஆனா இப்ப எமகண்டம். இந்த நேரத்துல போய் சாவப் பத்திப் படிக்கிறியே! முடியட்டும், போடறேன்."

வேங்கிக்காலில் இறங்கி நோட்டரி வாசலில் உட்கார்ந்தார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எதிர் டீக்கடையில் நின்றுகொண்டேன். எமகண்டம் முடிந்ததும் இருவரும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.