கோள் சொன்ன சுவர்

அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சார். காற்றுக்காகச் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று சட்டென்று நின்றால் வருகிற அமைதி இப்போதெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மற்றபடி இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கேளுங்கள், சொல்கிறேன்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அது சுத்தப் பொய். மகள் தானாகத் தேடிக்கொண்டவர்தான். மண் ஆராய்ச்சியில் இருக்கிறார் என்று அவள் சொன்னதும் முதல் ஆளாகத் தலையாட்டியது நான். குடி கிடையாது, கோபம் கிடையாது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைப்பார். வாய்தான் கொஞ்சம் நீளம். அதையும் சிரித்துக்கொண்டே பேசுவார். சிரிக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

நான் அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்தவன். ஊரில் பாதிப்பேருக்கு என் பெயர் தெரியாது. 'கடல்கோள் ஐயா' என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஆற்றுமுகத்தில் நான் வெட்டிய குழியில், பழைய நகரத்தின் செங்கல் தரைக்கு மேலே ஆள் உயரத்துக்குக் களிமண் கிடந்தது. அதில் ஒரு பானை ஓடு இல்லை, ஒரு கரித்துண்டு இல்லை. வெயிலில் அந்தச் சுவர் இழைத்த பலகைபோல ஒரே பாளமாக நின்றது. ஒரே நாளில் கடல் எழுந்துவந்து ஒரு நாகரிகத்தையே மூடிவிட்டது என்றேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாளத்தில் ஒரு துண்டை அறுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி, அதற்கென்றே ஒரு கூடம் கட்டினோம். நீங்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக வந்து அதன்முன் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பீர்கள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இதுதான் பேச்சு. பனிமலை உருகிக் கடல் ஏறியது என்பார்கள் சிலர். வானத்திலிருந்து பாறை விழுந்து அலை எழுந்தது என்பார்கள் வேறு சிலர். எல்லாவற்றையும் அலசுவோம். எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு பெருவெள்ளக் கதை இருக்கிறதே, நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"புகை இருக்கு மாமா. எரிஞ்சது ஊரா, அடுப்பான்னுதான் கேக்குறேன். ஆத்தோரமா வீடு கட்டுனவங்ககிட்ட வெள்ளக் கதை இல்லாமலா இருக்கும்?"

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் அது வீட்டோடு இருந்தது.

பிறகு ஒருநாள் அவர் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார். கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, என் பாளத்தின்மேல் பூவுக்குத் தெளிப்பதுபோலத் தெளித்தார். "களிமண்ணைக் காயவெச்சுப் பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும் மாமா. நனைச்சுப் பாருங்க" என்றார். பார்த்தேன். புத்தகத்தை மூடிவைத்து ஓரத்தைப் பார்ப்பதுபோல, கறுப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாக எழுந்து வந்தது. ஒவ்வொரு கோடும் ஆறு பெருகி வந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போன ஒரு வருஷமாம்.

"யாரும் சாகல மாமா. வாய்க்கால் தூந்துபோச்சு, தண்ணி வரல. மூட்டைய கட்டிக்கிட்டு வேற எடம் பாத்துப் போயிட்டாங்க. அப்புறம் ஆறு அது பாட்டுக்கு வருஷா வருஷம் மண்ணக் கொண்டாந்து போட்டிருக்கு."

யாரும் சாகவில்லையாம். எனக்கு வயிறு எரிந்தது, சார், ஒளிக்காமல் சொல்கிறேன். மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களுக்கு எந்த ஊரில் கூடம் கட்டுகிறார்கள்? செத்தால்தானே நாகரிகம். பிழைத்துப் போனால் அது வெறும் குடிமாற்றம்.

அதையே அவர் ஊர் மன்றத்திலும் பேசினார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் ஒலிபெருக்கி. நான் பேசி முடித்ததும் எழுந்து, "கடல்கோள்னு மாமா சொல்றாரு. கடல் கொண்டதுக்கு இங்க சாட்சி இல்ல. கடல் மேல சொன்ன கோள்தான் இருக்கு" என்றார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாளிலிருந்து கடல் போய்விட்டது. தெருவில் நான் வெறும் 'கோள் ஐயா'. கோள் என்ற சொல்லில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனாலும் ஆயுள் முழுக்க நான் உண்மையென்று சொன்ன சொல், கோள் மூட்டுகிறவனின் சொல்லாகிவிட்டது.

அவருக்கு என்மேல் பகை கிடையாது. அதுதான் வேதனை. பழைய குழிக்குப் பக்கத்திலேயே புதுக்குழி வெட்டி, ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூப்பிட்டுச் சுவரை நனைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. "நீங்கதான் மாமா மொதல்ல பாக்கணும். ரெண்டு பேர் பேரையும் போட்டே எழுதுவோம்" என்றார். என் வீட்டிலேயே எனக்கு இலை போட்டு உபசரிப்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரை ஊர் பார்த்துவிட்டால் கூடத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய பிறகு நான் யார்?

குழி ஆழம். ஊற்றுத் தண்ணீர் ஓயாமல் ஊறும் இடம் என்பதால் மோட்டார் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். களிமண்ணுக்குக் கீழே குருணை மணல். தண்ணீர் ஏறினால் மணல் கஞ்சியாக ஓடும். மேலே நிற்கிற களிமண் அப்புறம் எதன்மேல் நிற்கும்? இது தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அந்தக் குழியில் வேலை செய்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மகள் கொடுத்தனுப்பிய சாப்பாட்டை நான்தான் எடுத்துப் போனேன். மாப்பிள்ளை கீழே தகடு வைத்துச் சுவரைச் செதுக்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டை நிழலில் வைத்தேன், எறும்பு ஏறாமல் ஒரு செங்கல்மேல். பிறகு மோட்டாரை நிறுத்தினேன்.

"மாமா, மோட்டார் நின்னுபோச்சு. கொஞ்சம் பாருங்களேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்பிள்ளை."

பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் ஆர்ப்பாட்டமாக வரவில்லை, கசிந்து கசிந்து ஏறியது. அவர் பயப்படவும் இல்லை. நான் மேலே இருக்கிறேன் என்ற தைரியம். அடிச்சுவர் நனைந்ததும், "மாமா, இப்பத்தான் ரொம்ப நல்லாத் தெரியுது, எறங்கி வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். அதன்பிறகு சுவர் இறங்கியது.

ஏணியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மண் சரிந்தபோது ஏணியும் விழுந்திருக்கும் என்று வாக்குமூலத்தில் நீங்களே எழுதிக்கொண்டீர்கள், பெரிய மனது. விழவில்லை, சார். மோட்டாரை நிறுத்துவதற்கு முன்பே அதை நான் மேலே இழுத்துப் போட்டுவிட்டேன். திருத்தி எழுதுங்கள். அரைகுறையாக இருந்தால் எனக்குப் பிடிக்காது.

மகள் வந்துவிட்டு என்னைப் பார்க்காமலே போனாளாம். தங்கமான பிள்ளை. கோபம் ஆறினால் வருவாள். யாரும் சாகவில்லை, யாரும் சாகவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே வீச்சில் வரும் என்று நான் சொன்னேன், வந்தது. வாதம் அதோடு முடிந்தது.

இந்தப் படத்தை ஏன் என் முன்னால் வைக்கிறீர்கள்? தெரிகிறது, எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இடது பக்கம் அவர்மேல் விழுந்த மண், ஒரே வீச்சில் வந்தது. குழம்பிக் கிடக்கிறது, ஒரு கோடும் இல்லை. வலது பக்கம் அதே குழியில் விழாமல் நிற்கிற என் சுவர். அதில் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறீர்கள். படம் எடுத்தவருக்குத் தொழில் தெரியவில்லை, சார். அப்போது சுவர் ஈரமாக இருந்திருக்கிறது. காயட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு என்னை அங்கே அழைத்துப் போங்கள், காட்டுகிறேன்.